பாதிப் பந்தியில் எழுந்தவர்

மைக்செட் நயினார் செத்ததற்குப் பிறகுதான் அரியூத்தில் நடந்த கல்யாணங்களுக்கெல்லாம் முகம் தெரிய வர ஆரம்பித்தார். உயிரோடு இருந்த காலத்தில் அந்த ஊரில் அவர் குழாய் ஸ்பீக்கர் கட்டாத கல்யாணம் கிடையாது, சீரியல் லைட் தொங்கவிடாத சடங்கு கிடையாது. ஆனாலும் எந்தப் போட்டோவிலும் எந்த வீடியோவிலும் ஆளைப் பார்க்க முடியாது. மேடைக்குப் பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனை எந்தக் கேமரா எட்டிப் பார்க்கும்? பந்தியிலும் அப்படித்தான். எல்லோரும் தின்று முடித்து, பந்தல்காரனும் சமையல்காரனும் உட்காரும் கடைசிப் பந்தியில்தான் அவருக்கு இலை. பசியோடு அவ்வளவு நேரம் நின்றே பழகி, கெண்டைக்காலில் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டு பச்சையாகப் புடைத்து நிற்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகச் சுவரில் சாய்ந்து காலை நீட்டுவார். பொண்டாட்டி உலகம்மை பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு, வேப்பெண்ணெய் தடவி நீவி விடுவாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கால் நீவுகிற நேரத்தில்தான்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு டியூப்லைட் கட்டப்போன இடத்தில், முந்தின நாள் மழையில் நனைந்த கம்பத்தில் கையை வைத்தார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

ஊர்ப் பையன்கள் நல்ல பிள்ளைகள். நம்ம மைக்செட்டு மாமாவுக்குப் பஸ் ஸ்டாப்பில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்காவிட்டால் நாமெல்லாம் என்ன மனுசர் என்று கிளம்பிவிட்டார்கள். ஆனால் வீட்டில் ஒரு படம் இல்லை. ஆதார் அட்டையில் இருந்த முகத்தைப் பெற்ற தாய் பார்த்தாலும் அடையாளம் சொல்லமாட்டாள். பெற்ற தாய் யார் என்று நயினாருக்கே தெரியாது, அதைப் பிறகு சொல்கிறேன். உலகம்மையின் கல்யாணமோ ஒரு மாலை, ஒரு மஞ்சள் கயிறு, கோயில் வாசல் என்று முடிந்தது, அதைப் படம் பிடிக்க ஆளும் இல்லை. அப்போதுதான் ஸ்டூடியோ வேதமாணிக்கத்துக்கு ஞாபகம் வந்தது. கோமதி வீட்டு மகன் கல்யாண வீடியோவில், கடைசிப் பந்தியைச் சும்மா ஒரு ஓட்டு ஓட்டினபோது நயினார் உட்கார்ந்திருந்தார். ரசத்துக்குச் சோறு வாங்கி, முதல் வாயை எடுத்து, கேமராவைப் பார்த்ததும் கூச்சத்தில் கை அப்படியே நின்றுபோயிருந்தது. வேதமாணிக்கம் அந்த இடத்தில் நிறுத்தி, கம்ப்யூட்டரில் ஓரம் ஓரமாக நறுக்கி, ஆளை இலையிலிருந்து தூக்கினார். எச்சில் கையை வெட்டிவிட்டு, யாரோ ஒரு மாப்பிள்ளையின் கோட்டை மாட்டி, பின்னால் நீல வானத்தையும் இரண்டு புறாவையும் வைத்தார். பார்த்தவர்கள் எல்லோரும் ஆள் உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கிறதென்று சொல்லி அழுதார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. கோமதி வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள், வந்தவர்களுக்குப் பொழுது போகக் கல்யாண வீடியோவைப் போட்டாள். கடைசிப் பந்தி வந்தது. பந்தல்காரன் இருக்கிறான், சமையல்காரர் இருக்கிறார், நடுவில் ஓர் இலை இருக்கிறது, இலையில் பிசைந்த ரசச்சோறு இருக்கிறது, டம்ளரில் தண்ணீர் இருக்கிறது. ஆளைக் காணோம்.

மறுநாள் ரேஷன் கடைச் சண்முகவடிவு தன் மகள் கல்யாணத்தைப் போட்டுப் பார்த்தபோது, நயினார் அங்கே இருந்தார். காக்கி டிரவுசரும் பனியனுமாக, எச்சில் பட்ட வலது கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி, பந்தி வரிசையில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டு போனார். எல்லா இலைக்கும் ஆள் இருந்தது.

இது எப்படி ஆகும் என்று அரியூத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பந்தியில் உட்கார்ந்தவனைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பக்கூடாது. வெட்டுப்பகை உள்ளவனாக இருந்தாலும் கை கழுவுகிற வரைக்கும் பொறுத்திருந்து அப்புறம்தான் வம்புக்குப் போவார்கள் அந்தப் பக்கத்தில். இவர்கள் என்னடாவென்றால் பேனர் வைக்கிற ஆசையில், சோற்றுக் கையோடு ஒரு மனுசனை இலையிலிருந்து கிளப்பிவிட்டார்கள். கிளம்பினவர் இலை தேடுகிறார். இதில் என்ன அதிசயம் இருக்கிறது என்று சண்முகவடிவு சொன்னதை ஊரே ஒத்துக்கொண்டது.

வேதமாணிக்கத்துக்கு மட்டும் தூக்கம் போயிற்று. நறுக்கின படத்தைத் திரும்ப அதே இலைக்கு முன்னால் ஒட்டிப் பார்த்தார். ஒட்டினது படம், ஆள் இல்லை. உலகம்மை வீட்டு வாசலில் வந்து நின்று, "தெரியாமச் செஞ்சுட்டேம்மா" என்றார்.

"நீங்க என்ன அண்ணாச்சி செய்வீக. நாந்தான ஒரு போட்டோ எடுத்து வைக்காமப் போனேன்" என்று சொல்லிவிட்டு அவள் இலை நறுக்கப் போய்விட்டாள். பீடி இலைதான். சாப்பாட்டு இலையை அவள் தொட்டு நாளாகியிருந்தது. நாலு வாய் தின்பதற்குள் எழுந்துவிடுவாள், மீதியைக் கோழிதான் தின்றது.

அதற்குப் பிறகு ஊரில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. யார் வீட்டு வீடியோவில் இன்றைக்கு நயினார் நிற்கிறார் என்பதுதான் குழாயடியில் முதல் பேச்சு. வந்த வீட்டுக்காரர்கள் பெருமை பேசினார்கள். வராத வீட்டுக்காரர்கள், எங்க கல்யாணத்துக்கும் அவன்தான குழாய் கட்டுனான், நாங்க என்ன கொறச்சுட்டோம் என்று மூஞ்சியைத் தூக்கினார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து மறைத்துவிட்டார் என்று ஒரு வீட்டில் சண்டை. டிவிக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, சோறும் சாம்பாரும் ரசமும் வைத்து, சாப்பிடும் நயினார் என்று கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார்கள். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. உள்ளே இருக்கிறவனுக்கு வெளியே போட்ட இலை எப்படித் தெரியும்?

ஆனால் அதோடு போகவில்லை. கல்யாணம் ஆன வருசத்தில் இரண்டு தரம் பார்த்துவிட்டுப் பரண்மேல் போட்டதை எல்லாம் ஊர் தூசி தட்டி எடுத்தது. நயினாரைத் தேடப்போனவர்கள் நயினாரை மட்டுமா பார்த்தார்கள்? செத்துப்போன அப்பன் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான், கிணற்றில் விழுந்த தங்கச்சி பூ வைத்துக்கொண்டு சிரித்தாள், பேச்சுவார்த்தை அற்றுப்போன சித்தப்பன் கூட்டத்தில் நின்று கல்கண்டு நீட்டிக்கொண்டிருந்தான். நம்ம மூக்கு யார் மூக்கு, நம்ம கோபம் யார் கோபம் என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கின. சொல்லாமல் அமுக்கி வைத்திருந்த உறவெல்லாம் மொய் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் அப்பட்டமாக நின்றுகொண்டிருந்தது. சாயங்காலமானால் ஒவ்வொரு வீட்டிலும் நாதஸ்வரச் சத்தமும் அழுகைச் சத்தமும் சேர்ந்து கேட்டது. ஒரு செத்தவனைத் தேடப்போய் ஊர் தன் செத்தவர்களை எல்லாம் மறுபடி ஒரு தரம் இழந்தது. இதற்கு அந்தப் பேனரே வைக்காமல் இருந்திருக்கலாம் என்று பையன்களைத் திட்டினார்கள்.

உலகம்மை வீடு வீடாகப் போனாள். டிவிக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்து, பீடித்தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே பார்த்தாள். இரண்டு விசயங்களை அவள்தான் முதலில் கண்டுகொண்டாள். ஒரு வீடியோவைக் கடைசி வரைக்கும் ஓட்டிவிட்டால் நயினார் அதை விட்டுப் போய்விடுகிறார், மறுபடி போட்டால் அங்கே இல்லை. அதைவிடப் பழைய கல்யாணம் ஒன்றில் போய் நிற்கிறார். புதுசிலிருந்து பழசுக்கு, பழசிலிருந்து இன்னும் பழசுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார். இன்னொன்று, பந்தியில் இலை இல்லை என்றானதும் அவர் சும்மா நிற்பதில்லை. பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய், குனிந்து விளக்கிக்கொண்டிருக்கிற பொம்பளைகள் முகத்தை ஒவ்வொன்றாக உற்றுப் பார்க்கிறார்.

அவள் பீடித்தட்டைக் கீழே வைத்தாள். அது அவர் உயிரோடு இருந்தபோதும் செய்கிற காரியம்தான்.

ரொம்ப வருசத்துக்கு முன்னால், கோமதி கழுத்தில் தாலி ஏறின அன்றைக்கு, பந்தியெல்லாம் முடிந்த பிறகு, மைக்செட் கனகசபை தன் பெட்டியைத் தூக்கப்போனார். பெட்டிக்குப் பின்னால் ஓர் ஆண்பிள்ளை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. யார் பிள்ளை என்று தெரியவில்லை. அடுத்த வேலைக்கு லாரி நின்றது. பிள்ளையையும் தூக்கிப்போட்டுக்கொண்டு போன கனகசபை, வாரம் கழித்துத் திரும்பியும் யாரும் தேடி வந்ததாகத் தெரியாததால் தானே வளர்த்தார். நயினார் என்று பேர் வைத்தார், தொழிலைக் கொடுத்தார். ஊர் அவனைப் பந்திப்பிள்ளை என்று கேலி பேசிற்று. பாத்திரம் கழுவ வந்த கூட்டத்தில் ஒருத்தி பெற்றதாக இருக்கும் என்று யாரோ சொன்னதை மட்டும் அவன் பிடித்துக்கொண்டான். அதிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பின்பக்கம் போய் முகம் பார்ப்பான்.

தாய் கையில் தின்னாதவன் என்பது ஒரு விசயத்தில் பளிச்சென்று தெரியும். இலை மடிக்கத் தெரியாது. கல்யாண வீட்டில் தின்று முடித்தால் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும், உறவு தொடர வேண்டும் என்று அர்த்தம். துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடிக்க வேண்டும், இதோடு போகட்டும் என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இதை நயினார் ஒரு தரம் பதினாறாம் நாள் வீட்டில் தப்பாக மடித்து வசவு வாங்கினார். அன்றைக்குப் பிறகு எந்தப் பந்தியிலும் தின்று முடித்ததும் இலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கி உலகம்மையைத் தேடுவார். அவள் எங்கே நின்றாலும், இப்படி என்றோ அப்படி என்றோ கையால் காட்டுவாள். பார்க்கிற பொம்பளைகள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள்.

கடைசியில் நயினார் பால்பண்ணைத் தெரு நல்லக்கண்ணு கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தார். அதைவிடப் பழசாக ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கோமதியின் கல்யாணக் கேசட்டு. அரியூத்தில் முதன்முதலில் வீடியோ எடுத்த கல்யாணம் அதுதான்.

கோமதி தானே வந்து உலகம்மையிடம் சொன்னாள். "ஏளா உலகு, எங்கிட்ட இருக்கதுதான் கடைசி. அதுக்கு மிந்தி இந்த ஊர்ல படமே கெடையாது. அது ஓடி முடிஞ்சா உனக்கு அவன் இல்ல. யோசிச்சுக்க."

"தெரியும் மைனி."

"எனக்கும் அதப் போட மனசில்ல. எங்க வீட்டு ஆளு அதுல மாப்பிள்ளையா நிக்காவ. போனதுக்கப்புறம் நான் ஒரு நாளும் பாத்தது கெடையாது."

உலகம்மை நல்லக்கண்ணு வீட்டில் கேசட்டிலிருந்து மாற்றி வைத்திருந்த பென்டிரைவை வாங்கி வந்து, அரசாங்கம் கொடுத்த ஓசி டிவிக்குக் கீழே இருந்த டிவிடி பெட்டியில் சொருகினாள். தினமும் போட்டாள். தினமும் பார்த்தாள். மாப்பிள்ளையும் பெண்ணும் காரில் ஏறுகிற இடம் வந்ததும் டக்கென்று நிறுத்திவிடுவாள். கடைசி வரைக்கும் ஓடினால்தானே போவார்? ஓடவிடமாட்டேன். யாருக்கு என்ன நட்டம்? பீடி சுற்றிக்கொண்டே அவரோடு பேசினாள். கோழி முட்டையிட்டதைச் சொன்னாள், கூரை ஒழுகுவதைச் சொன்னாள், நனைந்த கம்பத்தில் எதுக்குக் கை வச்சீக என்று ஏசினாள். ரொம்ப நாள் கழித்து அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. அவளுக்கு அது போதும் போலத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு நாள் பார்க்கிறாள், அவர் பந்தி வரிசையில் பாதி தூரம் போய் நின்றுவிட்டார். மறுநாள் அந்தப் பாதி தூரமும் போகவில்லை. பந்தல் காலில் சாய்ந்துகொண்டு, ஒரு காலைத் தூக்கி மறு காலில் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு இந்தக் காலைத் தூக்கி அந்தக் காலில் தேய்த்தார். டிரவுசருக்குக் கீழே நரம்பு பச்சையாகச் சுருண்டிருந்தது. வலது கை மட்டும் இறங்கவில்லை, எச்சில் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் தூக்கியே வைத்திருந்தார். உலகம்மை எழுந்து போய் டிவித் திரையில் அவர் கால் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். கண்ணாடிதான் சுட்டது.

"உக்காரக்கூட விடாம நிக்க வச்சுட்டனே" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்லக்கண்ணு கல்யாணத்தைக் கார் கிளம்பி, தெரு முனை திரும்பி, நன்றி என்று எழுத்து வந்து, திரை கறுப்பாகிற வரைக்கும் ஓடவிட்டாள்.

வேதமாணிக்கம் பழைய வீடியோ டெக்கைத் துடைத்து எடுத்து வந்தார். கோமதி வீட்டு முன்னறையில் கொள்ளாத கூட்டம். உலகம்மைக்கு மட்டும் முன்னால் இடம் விட்டிருந்தார்கள். கோமதி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

கேசட்டு முழுக்கப் பாட்டுத்தான், பேச்சுக் கேட்காது. நிறமெல்லாம் வெளுத்திருந்தது. மாப்பிள்ளை வந்தார், கோமதி விம்மினாள். தாலி ஏறிற்று. முதல் பந்தி, இரண்டாம் பந்தி. நயினார் எங்கும் இல்லை. பின்பக்கம் அடுப்பைக் காட்டினபோது, ஒல்லியாக ஒருத்தி அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் பயல் கரண்டியால் மண்ணை அள்ளி விளையாடிக்கொண்டிருந்தான். பிறகு அவன் மைக்செட் பெட்டிக்குப் பின்னால் தூங்கினான். பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர்வலம் போனார்கள். அவர்களுக்குப் பின்னால், யாரும் பார்க்காத ஓரத்தில், சமையல்காரர் லாரி நின்றது. அண்டாக்களையும் பொம்பளைகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒல்லிப் பொம்பளை இறங்கப் பார்த்தாள், எதையோ சொன்னாள், யாரோ ஏறு ஏறு என்று கையை ஆட்டினார்கள். லாரி போய்விட்டது.

இத்தனை வருசமாக அது அந்தக் கேசட்டில் இருந்தது.

கடைசியாக மூன்றாம் நாள் மறுவீடு. வாசலில் கட்டின வாழை மரம் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. கோமதி மாப்பிள்ளையோடு காரில் ஏற வெளியே வந்தாள். வாழை மரத்துக்குப் பக்கத்தில் அந்த ஒல்லிப் பொம்பளை ஒரு தூக்குவாளியோடு நின்றாள். இவ்வளவு உயரம் என்று கையை இடுப்புக்குக் கீழே வைத்துக் காட்டி என்னவோ கேட்டாள். கோமதியின் மாமியார் உதட்டைப் பிதுக்கினாள். கோமதி தலையை ஆட்டி இல்லை என்றுவிட்டுக் காரில் ஏறினாள்.

"கனகசபை அப்ப ஊர்ல இல்லயே" என்றாள் கோமதி. "பிள்ளை கெடச்சதே எனக்கு அப்பறமில்லா தெரியும். அவ என்ன கேட்டான்னு நான் காதுல வாங்கல ளா. பட்டுச்சேலை கசங்கீரும்னு பாத்துக்கிட்டு ஏறிட்டேன்." உலகம்மை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கார் போயிற்று. அதோடு கேசட்டு முடிந்திருக்க வேண்டும். கேமரா அந்த வாசலை விட்டு நகரவில்லை. நயினார் வீட்டுக்குள்ளேயிருந்து நடந்து வந்தார். அந்தப் பொம்பளை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும், அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. அவள் ஒன்றும் தடுமாறவில்லை. வாடின வாழையில் ஓர் இலையைக் கிழித்து, வாசல் மண்ணில் விரித்து, தண்ணீர் தெளித்து, தூக்குவாளியில் பிள்ளைக்கென்று எடுத்து வைத்திருந்த சோற்றை வைத்தாள். மேலே ரசம் ஊற்றினாள். நயினார் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது அவர் முகத்தில் ஓர் ஆறுதல் வந்தது, கால் நீட்டுகிற நேரத்தில் வருகிற அதே ஆறுதல். அவர் வாய் வாயாகத் தின்றார். அவள் எதிரே குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தின்று முடித்தார். இலை ஓரத்தைப் பிடித்தார். தலையைத் தூக்கினார்.

திரையிலிருந்து நேரே உலகம்மையைப் பார்த்தார். செத்த நாளிலிருந்து எந்த வீடியோவிலும் பார்க்காதவர் இப்போது பார்த்தார். எப்படி மடிக்க என்று கேட்கிற அதே அசட்டு முகம்.

கல்யாண வீடுதான். தன் பக்கமாக மடிக்கச் சொன்னால் ஒருத்தரும் குற்றம் சொல்ல முடியாது, அதுதான் முறை. தன் பக்கமாக மடித்தால் மறுபடி வருவார். ஏதாவது ஒரு பந்தியில், இலை இல்லாமல், கை காயக் காய நிற்பார். அவளுக்கு அவர் வேண்டியிருந்தது. அவ்வளவு வேண்டியிருந்தது. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அவள் கையைத்தான் பார்த்தார்கள், இந்தத் தரம் ஒருத்தியும் வாயைப் பொத்திச் சிரிக்கவில்லை.

உலகம்மை கையைத் தூக்கினாள்.

"அந்தப் பக்கமா மடிங்க" என்று சொல்லி, கையை வெளியே தள்ளிக் காட்டினாள்.

நயினார் தலையை ஆட்டினார். இலையை எதிர்ப்பக்கமாகத் தள்ளி ஒழுங்காக மடித்தார். அந்த ஒல்லிப் பொம்பளை ஊற்றின தண்ணீரில் கையைக் கழுவினார். கேசட்டு முடிந்து திரை நீலமாயிற்று.

பிறகு வேதமாணிக்கம் டெக்கை அணைத்தார். ஒவ்வொருத்தராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். கோமதி மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"பசிக்குது மைனி" என்றாள் உலகம்மை.

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஓர் இலையைப் போட்டு, மத்தியானச் சோற்றையும் ரசத்தையும் வைத்தாள். உலகம்மை ஒரு பருக்கை விடாமல் தின்றாள். முடித்துவிட்டு இலையின் ஓரத்தில் கையை வைத்தபோது, எந்தப் பக்கம் என்று ஒரு நிமிசம் அவளுக்கே மறந்துபோயிற்று. தலையைத் தூக்கிப் பார்த்தாள். எதிரே கோமதி உட்கார்ந்திருந்தாள். உலகம்மை இலையைத் தன் பக்கமாக மடித்தாள்.